ஒற்றைக் கண்ணால் நிறம் பார்த்தவர்



முதலாமாண்டு கெமிஸ்ட்ரி லேபில் ஃப்ளேம் போட்டோமீட்டர் முன்னால் வரிசை கட்டி நின்றது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? தண்ணீரில் சோடியம் எவ்வளவு என்று கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் பேட்சுக்கு மட்டும் ரீடிங் எகிறிக்கொண்டே போனது. ஏன், எதற்கு என்று யார் யோசித்தார்கள்! பக்கத்து பேட்ச் நோட்டை வாங்கி, புள்ளிகளை நேர்கோட்டில் உட்கார வைத்து, கையெழுத்தும் வாங்கிவிட்டோம்.

இன்று நான் ஒரு ஃபவுண்டரியில் வேலை பார்க்கிறேன். உருக்கிய உலோகத்தில் ஒரு சாம்பிள் எடுத்துத் தேய்த்து, ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஸ்பார்க் கொடுத்தால், எந்தத் தனிமம் எத்தனை சதவீதம் என்று ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும். இங்கே ரீடிங்கைத் 'திருத்தினால்' நாளைக்கு யாரோ ஒருவர் ஓட்டும் வண்டியில் காஸ்டிங் உடையும். இந்த இரண்டு மெஷினுக்கும் மூலவர் ஒருவரே. பர்னர் மூலம் நமக்கெல்லாம் பெயரளவில் பழக்கமான ராபர்ட் புன்சன்.

1811-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில், பேராசிரியர் ஒருவரின் நான்கு மகன்களில் கடைக்குட்டியாகப் பிறந்தார். இருபது வயதுக்குள் படிப்பை முடித்து, பல ஊர்கள் சுற்றிப் பார்த்து வந்து, வேலைக்கு அமர்ந்தார். 1834-இல், புதிதாக வீழ்படிவாக்கிய இரும்பு ஹைட்ராக்சைடு ஆர்செனிக் விஷத்துக்கு மாற்று மருந்தாகும் என்று பெர்த்தோல்டு என்ற மருத்துவருடன் சேர்ந்து கண்டார். அடுத்து அவர் கை வைத்தது ஆர்செனிக் கலந்த காக்கோடைல் சேர்மங்களில். குடலைப் புரட்டும் நாற்றம், காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் குணம். அதில் ஒன்று வெடித்து வலது கண் பார்வை போயிற்று. விஷம் ஏறிச் சாவின் விளிம்பு வரை போய்த் திரும்பினார். மனுஷன் ஆராய்ச்சியை விட்டாரா என்றால், இல்லை!

நம்மைப் போன்ற இன்ஜினியர்களுக்கு இன்னொரு சேதி. இரும்பு உருக்கும் ஊது உலைகளின் வாயுவைப் பகுத்துப் பார்த்து, கோக் எரிக்கும் இங்கிலாந்து உலைகளில் வெப்பத்தில் 80 சதவீதத்துக்கு மேல் வாயுவோடு வீணாகப் போகிறது என்று பிளேஃபேருடன் சேர்ந்து 1845-இல் கணக்குக் காட்டியவரும் இவர்தான்.

1852-இல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்கேதான் நம் கதை சூடு பிடிக்கிறது. உப்பைச் சுடரில் காட்டினால் நிறம் வரும் என்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம். சோடியம் பொன்மஞ்சள், பொட்டாசியம் இளம் ஊதா, கால்சியம் செங்கல் சிவப்பு, பேரியம் ஆப்பிள் பச்சை என்று பிளஸ் டூவில் நாமும் மனப்பாடம் செய்தோமே, அதேதான். ஆனால் அன்றைய விளக்குச் சுடரே மஞ்சளாக எரிந்தது. எரியாத கரித்துகள் ஒளிர்வதால் வரும் மஞ்சள் அது. அதில் உப்பின் நிறத்தை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? எரிவதற்கு முன்பே வாயுவோடு காற்றைக் கலந்துவிட்டால் சுடர் கிட்டத்தட்ட நிறமில்லாமல் எரியும். பல்கலைக்கழக மெக்கானிக் பீட்டர் டெசாகா 1855-இல் அதைக் குழாயும் துளையுமாகச் செய்து கொடுத்தார். புன்சன் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. (டெசாகா பெயரையும் லேபில் யாராவது சொல்லியிருக்கலாம்!)

இன்னொரு தொல்லை இருந்தது. சோடியம் துளி கலந்திருந்தாலும் போதும், அதன் மஞ்சள் மற்ற நிறங்களை விழுங்கிவிடும். புன்சன் நிறக் கண்ணாடிகள் வழியாகப் பார்த்து மஞ்சளை வடிகட்டினார். நண்பர் கிர்க்காஃப் இயற்பியல்காரர். கண்ணாடி எதற்கு, பட்டகத்தை வைத்து ஒளியையே பிரித்துவிடலாமே என்றார். 1859-இல் இருவரும் சேர்ந்து ஸ்பெக்ட்ரோஸ்கோப்பை உருவாக்கினார்கள். ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கே உரிய கோடுகள்! ஒன்றின் கோடு இன்னொன்றை மறைக்காது.

60 கன மீட்டர் அறையின் ஒரு மூலையில் 3 மில்லிகிராம் சோடியம் குளோரேட்டைப் பால் சர்க்கரையுடன் கலந்து வெடிக்க வைத்தார்கள். சில நிமிடத்தில் எதிர் மூலையில் இருந்த சுடரில் மஞ்சள் கோடு தெரிந்தது! ஒரு மில்லிகிராமில் 30 லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான சோடியத்தை அது காட்டும் என்று கணக்கிட்டார்கள். இதைப் படித்தபோதுதான் எனக்கு எங்கள் பேட்ச் ரீடிங் ஞாபகம் வந்தது. குழாய்த் தண்ணீரில் கழுவிய பீக்கர், வியர்த்த விரல்... மெஷின் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, நாங்கள்தான் நம்பவில்லை.

புன்சன் நம்பினார். துர்க்ஹைம் ஊற்று நீரின் உப்பைச் சுடரில் காட்டியபோது, தெரிந்த எந்தத் தனிமத்துக்கும் சேராத இரண்டு நீலக் கோடுகள் இருந்தன. அழுக்கு, கோளாறு என்று ஒதுக்கிவிட்டுப் போயிருக்கலாம். அவரோ நாற்பது டன்னுக்கு மேல் அந்த நீரைக் காய்ச்ச வைத்தார். கையில் கிடைத்ததோ சில கிராம் உப்பு! 1860-இல் சீசியம் இப்படித்தான் உலகுக்குத் தெரிந்தது. அடுத்த வருஷமே லெபிடோலைட் கனிமத்தின் சிவப்புக் கோடுகளிலிருந்து ருபீடியம். 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தின்போது நம் குண்டூரில் ஜான்சனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் போக்சனும் சூரிய விளிம்பின் ஒளியைப் பிரித்துப் பார்த்ததும் இதே வழியில்தான். அந்த வருஷத்து மஞ்சள் கோடுதான் பின்னால் ஹீலியம் ஆயிற்று.

1874-இல் ஒரு சோதனை வந்தது. அருமண் தனிமங்களின் நிறமாலை பற்றி எழுதி முடித்து மேஜையில் வைத்திருந்த கட்டுரை, தண்ணீர்க் குடுவை வழியே குவிந்த வெயிலில் எரிந்து சாம்பலானது. அறுபது வயது தாண்டியவர், மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்து 1875-இல் வெளியிட்டார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லேபும் மாணவர்களும்தான் குடும்பம். 1889-இல் ஓய்வு பெற்று, 1899 ஆகஸ்ட் 16 அன்று, 88 வயதில் ஹைடல்பர்க்கிலேயே காலமானார்.

ரீயூனியன் அன்று கெமிஸ்ட்ரி லேப் திறந்திருந்தால் அந்த சோடியம் ரீடிங்கை மறுபடி எடுத்துப் பார்க்க ஆசை. டிஸ்டில்ட் வாட்டரில் பீக்கர் கழுவ எங்கள் பேட்ச்காரர்கள் யாராவது கூட வாங்கப்பா!