தொப்பிப் பெட்டியில் பிறந்த டெலிவிஷன்!

நெமிலியில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் ஒரு பழைய டெலிவிஷன் பெட்டி. இழுத்து மூடும் மரக்கதவு வைத்த சோலிடேர் பெட்டி. கதவைத் திறந்தால் படம் வரவில்லை, தங்கமீன் வந்தது! உள்ளே இருந்ததை எல்லாம் எடுத்துவிட்டு, கண்ணாடித் தொட்டியை வைத்து, விளக்குப் போட்டிருந்தார்கள். அழகாகத்தான் இருந்தது. உள்ளே இருந்த சாமான்கள் எங்கே என்று கேட்டேன். காயலான் கடைக்குப் போய்விட்டதாம்.

மீனைப் பார்த்துக்கொண்டு இருந்தபோது, பேர்டு என்ற மனிதரின் நினைவு வந்தது. இந்தப் பெட்டிக்கெல்லாம் மூலபுருஷர் அவர்தான்.

மதகுருவின் மகன்

ஜான் லோகி பேர்டு 1888-ம் ஆண்டு ஆகஸ்டு 13-ந் தேதி ஸ்காட்லாந்தில் ஹெலன்ஸ்பரோ என்ற கடற்கரை ஊரில் பிறந்தார். தகப்பனார் கிறிஸ்தவ மதகுரு. பிள்ளைக்கு எப்போதும் சளி, காய்ச்சல். உடம்பில் வலுவில்லை. ஆனால் கை சும்மா இருக்காது. சிறுவனாக இருக்கும்போதே, தன் வீட்டில் இருந்து நண்பர்களின் வீடுகளுக்குக் கம்பி இழுத்து டெலிபோன் வைத்தார்.

கிளாஸ்கோ நகரில் படித்தார். முதல் உலக யுத்தம் வந்தது. ராணுவத்தில் சேரப் போனார். உடம்பு சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மின்சாரக் கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கே, கரியை வைரமாக்குகிறேன் என்று கம்பெனி மின்சாரத்தைப் பாய்ச்சி, ஊரில் ஒரு பகுதியையே இருட்டாக்கிவிட்டார்!

வேலையை விட்டார். பாதம் குளிராமல் இருக்க ஒரு காலுறை செய்து விற்றார். பணம் வந்தது. 1919-ல் மேற்கிந்தியத் தீவான டிரினிடாடுக்குப் போய், பழங்களைக் காய்ச்சி ஜாம் செய்தார். பூச்சிகள் மொய்த்துத் தின்றன. லண்டனுக்குத் திரும்பி சோப்பு விற்றார். மறுபடியும் நோய். கடற்காற்று வாங்கலாம் என்று 1923-ல் ஹேஸ்டிங்ஸ் என்ற ஊருக்குப் போனார். அப்போது வயது 34. கையில் காசு இல்லை.

கிடைத்ததை வைத்து...

தூரத்தில் இருப்பதைக் கம்பி வழியாகப் பார்க்க முடியுமா? பால் நிப்கோ என்ற ஜெர்மானியர் 1884-லேயே இதற்கு வழி சொல்லியிருந்தார். ஒரு வட்டத் தட்டு. அதில் சுருள் வரிசையாகச் சின்னத் துளைகள். தட்டு சுழன்றால், ஒவ்வொரு துளையும் எதிரே உள்ள உருவத்தை ஒவ்வொரு கோடாகத் தடவிச் செல்லும். அந்த வெளிச்சத்தை மின்சாரமாக மாற்றி அனுப்ப வேண்டும். மறுமுனையில் அதே வேகத்தில் இன்னொரு தட்டு சுழன்றால், கோடுகள் சேர்ந்து படமாகும். நிப்கோ சொன்னாரே தவிர, செய்து காட்டவில்லை.

பேர்டு செய்யத் தொடங்கினார். தேயிலைப் பெட்டி ஒன்று, தொப்பி வைக்கும் அட்டைப்பெட்டி, பின்னல் ஊசி, சைக்கிள் விளக்கின் கண்ணாடி, அரக்கு, நூல். இவ்வளவுதான் அவருடைய ஆராய்ச்சி சாலை! 1924-ல் ஒரு சிலுவையின் நிழலைச் சில அடி தூரத்துக்கு அனுப்பிவிட்டார். அதே ஆண்டு ஆயிரம் வோல்டுக்கு மேல் மின்சாரம் தாக்கித் தூக்கி எறியப்பட்டார். உயிர் பிழைத்தது. வீட்டுக்காரர் இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

லண்டனில் பிரித் தெருவில் ஒரு மாடி அறை கிடைத்தது. 1925-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி, வித்தைக்காரர்கள் பேச வைக்கும் பொம்மைத் தலை ஒன்றை இயந்திரத்தின் முன் வைத்தார். "ஸ்டூக்கி பில்" என்பது பொம்மையின் பெயர். வெறும் நிழல் அல்ல. கண், மூக்கு, வாய் எல்லாம் தெரிந்தது! உடனே மாடிப்படியில் ஓடினார். கீழே ஆபீசில் வேலை பார்த்த வில்லியம் டெயிண்டன் என்ற வாலிபனை இழுத்து வந்து உட்கார வைத்தார். விளக்குச் சூடு தாங்காமல் பையன் நகர்ந்துவிட்டான். அரை கிரவுன் காசு கொடுத்து மறுபடியும் உட்கார வைத்தார். டெலிவிஷனில் தெரிந்த முதல் மனித முகம், காசுக்கு உட்கார்ந்த முகம்.

1926 ஜனவரி 26-ந் தேதி விஞ்ஞானிகளை அழைத்துக் காட்டினார். உலகம் முழுவதும் பெயர் பரவியது. 1928-ல் லண்டனில் இருந்து அட்லாண்டிக் கடல் தாண்டி அமெரிக்காவுக்குப் படம் அனுப்பினார். அதே ஆண்டில் வர்ணப் படமும் காட்டினார்.

சரிவு

1930-ல் அவருடைய "டெலிவைசர்" பெட்டி கடைக்கு வந்தது. படம் உள்ளங்கை அகலம்கூட இல்லை. மொத்தமே 30 கோடுகள். ஆரஞ்சு நிறத்தில் ஆடிக்கொண்டே தெரியும். சுமார் ஆயிரம் பெட்டிகள் விற்றன. 1935 செப்டம்பரில் 30 கோட்டு ஒளிபரப்பை நிறுத்திவிட்டார்கள். அன்றே அந்தப் பெட்டிகள் எல்லாம் வெறும் தகரமாகிவிட்டன.

1936 நவம்பரில் பி.பி.சி. புதிய ஒளிபரப்பைத் தொடங்கியது. பேர்டின் 240 கோட்டு முறை ஒரு வாரம், மார்க்கோனி-இ.எம்.ஐ. கம்பெனியின் 405 கோட்டு முறை ஒரு வாரம். போட்டி! அந்த மாதம் 30-ந் தேதி லண்டன் பளிங்கு மாளிகை தீப்பிடித்து எரிந்தது. அங்கே இருந்த பேர்டு கம்பெனியின் கருவிகள் ஏராளமாகச் சாம்பலாயின. 1937 பிப்ரவரியில் அவருடைய முறையைக் கைவிட்டுவிட்டார்கள். உருளும் தட்டு போய், மின்னணுக் குழாய் வந்துவிட்டது.

பேர்டு சும்மா இருக்கவில்லை. 1944-ல் வர்ணப் படக் குழாய் ஒன்றைச் செய்து காட்டினார். யுத்தத்தில் நின்றுபோன டெலிவிஷன் ஒளிபரப்பு 1946 ஜூன் 7-ந் தேதி மறுபடி தொடங்கியது. ஒரு வாரம் கழித்து, ஜூன் 14-ந் தேதி, பேர்டு காலமானார். வயது 57.

தட்டில் இருந்த முகம்

தொப்பிப் பெட்டியைப் பிரித்து டெலிவிஷன் செய்தவர், பெட்டியைப் பிரித்து மீன் தொட்டி செய்வதைக் குறை சொல்வாரா? எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. ஆனால் தொப்பிப் பெட்டி கடைக்குக் கடை கிடைத்தது. அவருடைய முதல் இயந்திரம் ஒன்றுதான். அதை 1926-லேயே லண்டன் விஞ்ஞானக் காட்சிசாலையில் வாங்கி வைத்துவிட்டார்கள். பொம்மைத் தலையும் இங்கிலாந்தில் பத்திரமாக இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. 1927, 28-ல் பேர்டு தன் படங்களைக் கிராமபோன் தட்டில் பதிந்து பார்த்தார். திருப்பிப் போட்டால் உருவம் வரவில்லை. தோற்றுப்போன பரீட்சை! அந்தத் தட்டுகளையும் சிலர் எறியாமல் வைத்திருந்தார்கள். 1980-களில் டொனால்டு மக்லீன் என்ற பொறியியல் நிபுணர் அவற்றைக் கம்ப்யூட்டரில் போட்டுச் சீர்செய்தார். ஸ்டூக்கி பில்லின் முகம் தெரிந்தது. உலகத்தில் மிஞ்சியுள்ள மிகப் பழைய டெலிவிஷன் பதிவு அதுதான். யாராவது அலமாரியை ஒழித்திருந்தால் போயிருக்கும்.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். டெல்லியில் 1959 செப்டம்பர் 15-ந் தேதியும், சென்னையில் 1975 ஆகஸ்டு 15-ந் தேதியும் டெலிவிஷன் வந்தது. சோலிடேர், டயனோரா எல்லாம் சென்னையிலேயே செய்த பெட்டிகள். வெள்ளிக்கிழமை "ஒளியும் ஒலியும்" பார்க்கத் தெருவே ஒரு வீட்டில் கூடியது இந்தப் பெட்டிகளின் முன்புதான். படக்குழாய் உடைந்து, பலகை துருப்பிடித்துப் போன பெட்டியில் மீன் வளர்த்தால் நஷ்டமில்லை. நன்றாக உள்ளதைக் குடைவதுதான் வயிற்றெரிச்சல். அந்தப் படக்குழாயை இன்று புதிதாகச் செய்துதர ஆள் இல்லை. ஆர்.எப். துளை உள்ள பழைய செட்டாப் பெட்டியை இணைத்தால் பல பெட்டிகளில் இன்றும் படம் வரும்.

பிரிக்கும்போது ஆபத்தும் உண்டு. படக்குழாய்க்குள் காற்று கிடையாது. உடைந்தால் கண்ணாடி சிதறும். கண்ணாடியில் ஈயமும் இருக்கிறது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கி நிற்கும். ஹேஸ்டிங்சில் பேர்டு பட்ட அடி நமக்கு வேண்டாம்.

நெமிலி வீட்டுப் பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். பரண் மேலே இன்னொரு பெட்டி இருப்பதாகச் சொன்னார். டயனோரா. ஏணி போட்டு ஏறிப் பார்த்தோம். பின்பக்க மூடியின் திருகுகள் கழற்றப்படவே இல்லை. புத்தக அலமாரி செய்ய வேண்டும் என்று பேரன் கேட்டுக்கொண்டிருக்கிறானாம். ரேடியோ மெக்கானிக் ஒருவர் வந்து பார்க்கும்வரை அதைத் தொட வேண்டாம் என்று பேரனிடம் சொல்லிவிட்டார்.