தயிரில் ஆயுளைத் தேடியவர்

உருசியப் பேரரசின் கார்கோவ் பகுதியில் 1845இல் பிறந்தவர் இலியா மெச்னிகோவ். 1882இல் இத்தாலியின் மெசினாவில், நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற இளவுயிரியில் ரோசா முள்ளைச் செருகிவிட்டு விடியும்வரை காத்திருந்தார். கருவியென்று சொல்ல ஒரு முள்தான்! மறுநாள், நகரும் உயிரணுக்கள் அம்முள்ளைச் சூழ்ந்திருந்தன. உடலின் காவற்படையைக் காட்டிய அவ்வாய்வு, 1908இல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது.

பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றுகையில் மூப்பு பற்றிய வினா அவரை ஆட்கொண்டது. பெருங்குடல் நுண்ணுயிரிகளின் நச்சே மூப்பைத் தருகிறது எனக் கருதினார். பல்கேரிய உழவர் நெடுநாள் வாழ்வதைக் கேள்வியுற்று, அவர்கள் அருந்தும் புளித்த பாலே காரணம் என நம்பினார். பச்சைப் பாலில் தீய கிருமிகள் இருக்கலாம் என்பதால், காய்ச்சிய பாலில் தூய நுண்ணுயிரியை உறையிட்டு நாள்தோறும் பருகினார். அவர் புகழால் அந்நுண்ணுயிரி மாத்திரையாகவும் விற்கப்பட்டது. ஆனால், தயிர் உண்டோரையும் உண்ணாதோரையும் முறையாக ஒப்பிட்டு அவர் ஆயுளை அளந்தாரல்லர். முள்ளுக்காக விடியும்வரை காத்திருந்தவர், இங்கே விரைந்துவிட்டார்.

1916இல், 71ஆம் அகவையில், இதய நோயால் மறைந்தார். 1921இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அப்பல்கேரிய நுண்ணுயிரி மனிதக் குடலில் நிலைத்து வாழ்வதில்லை எனக் கண்டனர். வேறோர் இனத்தை ஆராயத் தொடங்கினர்.