குழியை நிரப்பிய பலசாலி

வலிமையைப் பெருக்க எடையைக் கூட்டிக்கொண்டே போவதுதான் ஒரே வழி என்று நானும் நம்பியிருந்தேன். நாற்பது வயதுக்கு மேல் பளுப்பயிற்சியைத் தொடங்கி, வாரந்தோறும் இரும்புத் தட்டுகளைச் சேர்த்து, முதுகுவலியில் படுத்த நாள்களில்தான் பால் ஆண்டர்சனின் வாழ்க்கையை அறிந்தேன்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டொக்கோவா என்னும் சிற்றூரில் 1932-இல் பிறந்தவர் அவர். இளமையிலேயே சிறுநீரக நோய்க்கு ஆளானவர். பளுதூக்கத் தொடங்கியபோது மண்ணில் குழி தோண்டி, அதற்குள் நின்று, மேலே தாங்கி நிறுத்திய பெரும் பளுவைத் தோளில் ஏற்றிச் சில அங்குலமே உயர்த்தினார். பிறகு குழியில் சிறிது சிறிதாக மண்ணை நிரப்பினார். மண் உயர உயர, இன்னும் தாழக் குந்தி எழ வேண்டியிருந்தது. எடையைக் கூட்டுவோர் உண்டு. எண்ணிக்கையைக் கூட்டுவோர் உண்டு. அவர் தூரத்தைக் கூட்டினார்.

1955-இல் மாஸ்கோவில் அவர் தலைக்குமேல் உயர்த்திய பளுவைக் கண்டு சோவியத் ரசிகர்கள் வியந்தனர். மறு ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் கடும் காய்ச்சலோடு களமிறங்கினார். இறுதித் தூக்கில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை 187.5 கிலோவை உயர்த்தினார். அர்ஜென்டினாவின் செல்வெட்டியும் அவரும் மொத்தம் 500 கிலோ தூக்கிச் சமநிலையில் நிற்க, உடல் எடை குறைந்தவர் என்பதால் தங்கம் அவருக்கானது.

பின்னர் வழிதவறிய இளைஞர்களுக்காக விடேலியாவில் இல்லம் நிறுவினார். 1994-இல் சிறுநீரக நோயே அவரைக் கொண்டுசென்றது.

நான் இப்போது தட்டுகளைச் சேர்ப்பதில்லை. அதே எடையோடு, சென்ற மாதத்தைவிட ஓர் அங்குலம் தாழக் குந்தி எழுகிறேன்.