விரல் நுனியில் கணக்கு வகுத்த வித்தகர்

திருவேங்கடவன் திருக்கரங்களில் விளங்குவன சங்கும் சக்கரமும். அப்பெயர்களையே நம்மவர் விரல் நுனி வரிகளுக்கும் இட்டு வழங்குகின்றனர். குழந்தையின் விரலைப் பற்றி, சங்கு எத்தனை, சக்கரம் எத்தனை என்று எண்ணுவது நம் இல்லங்களில் பழகிய வழக்கம். அவ்வரிகளைக் கொண்டே கைதிகளை ஐயமற அறியும் கணக்கை வகுத்த பெருமகனார் வங்கத்துக் காஜி அஜீஸுல் ஹக் ஆவார்.

அவருக்கு முன்பிருந்த நிலையைச் சிறிது நினைத்தல் வேண்டும். சித்தூர் அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. அம்மாகாணத்திலும் வங்கத்திலும் ஆயுள் தண்டனை பெற்றோரின் நெற்றியில் அவர்தம் குற்றத்தைப் பச்சை குத்தும் கொடுமை 1849 வரை நீடித்தது. தண்டனை நீங்கினும் அவ்வடு நீங்காது. பின்னர், பிரெஞ்சு நாட்டுப் பெர்த்தியோன் கண்ட உடலளவு முறை வந்தது. அளப்பவர் கை மாறினால் அளவும் மாறிற்று. ஹூக்ளியில் வில்லியம் ஹெர்ஷல் 1877-இல் கைதிகளின் விரற்பதிவைப் பெறத் தொடங்கினார். ஆயினும், ஆயிரமாயிரம் பதிவுகள் சேர்ந்தபின் ஒருவனது பதிவைத் தேடி எடுப்பது எங்ஙனம்? அதற்கு விடை அன்று இல்லை.

குல்னா மாவட்டத்தில் 1872-இல் பிறந்த ஹக், இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் கணிதம் பயின்றார். கணக்கில் வல்ல மாணவர் ஒருவரைக் காவல்துறைத் தலைவர் எட்வர்டு ஹென்றி நாடியபோது, கல்லூரியார் இவரையே காட்டினர்.

ஹக் கண்ட வழி எளிது; ஆயினும் அரிது. பத்து விரல்களையும் ஐந்து இணைகளாக்கினார். சக்கரம் அமைந்த விரலுக்கு மட்டும் இணை வரிசைப்படி 16, 8, 4, 2, 1 என மதிப்பிட்டார். ஒவ்வோர் இணையிலும் ஒரு விரலின் மதிப்பை ஒரு தொகையிலும், மற்றதன் மதிப்பை இன்னொரு தொகையிலும் சேர்த்து, இரு தொகைகளோடும் ஒன்றைக் கூட்டினார். ஒவ்வொன்றும் 1 முதல் 32 வரை அமையும். ஆகவே பதிவுகள் அனைத்தும் 1,024 அறைகளில் அடங்கின. உடன் பணியாற்றிய ஹேம சந்திர போஸ் அதற்கு உட்பிரிவுகள் வகுத்துத் துணைநின்றார். 1897-இல் கல்கத்தாவில் கைரேகைப் பணியகம் எழுந்தது. 1901-இல் லண்டன் ஸ்காட்லாந்து யார்டும் இம்முறையை மேற்கொண்டது.

ஆயினும் உலகம் அதனை ஹென்றி முறை என்றே அழைத்தது. உழைத்தவர் ஒருவர், பெயர் பெற்றவர் மற்றொருவர். ஹக் மனம் தளராது பணியாற்றினார். 1924-இல் கான் பகதூர் பட்டமும், 5,000 ரூபாய்ப் பரிசும் அவரை அடைந்தன. தம் பணியாளருள் மிகுதியும் துணைநின்றவர் ஹக்கே என்பதை ஹென்றியும் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். பிறந்த மண்ணை நீங்கிப் பீகாரில் குடியேறிய ஹக், மோதிகாரியில் 1935-இல் மறைந்தார். இன்று பிரிட்டனின் கைரேகைச் சங்கப் பரிசொன்று, அவர் பெயரையும் போஸ் பெயரையும் இணைத்துத் தாங்குகிறது.

கைதிகளை அடையாளங்காண 1920-இல் தனிச்சட்டம் பிறந்தது. 2022-இல் புதிய சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. சட்டங்கள் மாறலாம். நெற்றியில் வடுவிட்டு மனிதனை இழிவுசெய்த வழக்கம் ஒழிந்தபின், ஊறு செய்யாத விரற்பதிவால் உண்மை காண வழி செய்தவர் ஹக். பிறந்த ஊரைவிட்டு வந்து வாழும் நாம், பிறர் பெயரில் நிலைத்த அவர்தம் உழைப்பை நன்றியுடன் நினைத்தல் நம் கடமையாகும்.