மாதிரி விமானம் சமைத்த மேதை லாங்லி

பறவையைக் கண்டு, தானும் அதுபோல் பறக்க வேண்டுமென்று ஒருமுறையேனும் எண்ணாத மனிதர் இலர். அந்த எண்ணம் பிள்ளைப் பருவத்தில் தோன்றுகிறது. பெரும்பாலோர்க்கு அப்பருவத்தோடு மறைந்தும் விடுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடி மாதத்தில் பாய்ந்து வரும் காற்றை நாம் நன்கறிவோம். எருத்தேன்பதியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வாழும் நம் சிறுவர் பனையோலையை மடித்து, முள்ளிற் குத்திக் காற்றாடி செய்து, அக்காற்றை எதிர்த்து ஓடுவர். சற்று வளர்ந்த பிள்ளைகள் அட்டையாலும் தக்கையாலும் விமானம் செய்வர். இவை விளையாட்டுப் பொருள்கள்தாமே என்று பெற்றோர் நினைப்பது இயல்பு. ஆனால், அத்தகைய சிறு விமானங்களைச் செய்வதையே தம் வாழ்வின் பிற்காலத்தில் ஒரு பெரும்பணியாகக் கொண்ட பேரறிஞர் ஒருவர் இருந்தார். அவர்தாம் அமெரிக்க நாட்டு வானியல் அறிஞர் சாமுவேல் பியர்பாண்ட் லாங்லி. மாதிரி விமானத்தில் அவர் கண்ட வெற்றியும், பெரிய விமானத்தில் அவர் கண்ட தோல்வியும் நம் பிள்ளைகளுக்குப் பாடமாக அமையத் தக்கவை. ஆதலால், அன்னாரின் வரலாற்றை நம் ஆண்டு விழா மலரிலே தர விழைகின்றோம்.

இளமையும் கல்வியும்

லாங்லி 1834-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 22-ஆம் நாள் பாஸ்டன் நகரை அடுத்த ராக்ஸ்பரியில் பிறந்தார். தந்தையார் வணிகர். அவரிடம் தொலைநோக்கி ஒன்று இருந்தது. அதன் வழியாக வானத்தைப் பார்த்துப் பழகிய சிறுவனுக்கு விண்மீன்களின்மேல் தீராத பற்று ஏற்பட்டது. 1851-இல் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தார். அதற்குமேல் அவர் எந்தக் கல்லூரியிலும் பயின்றதில்லை. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற அறிவியல் நிலையம் ஒன்றின் தலைவராக விளங்கியவர் பட்டம் பெறாதவர் என்பது வியப்பை விளைக்கும் செய்தியாகும்.

கட்டடங்களுக்கு வரைபடம் தீட்டும் தொழிலில் சிகாகோ, செயின்ட் லூயிஸ் ஆகிய நகரங்களில் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளைக் கழித்தார். கோடு பிசகாமல் வரையவும், அளவு தவறாமல் கணக்கிடவும் அத்தொழில் அவருக்குக் கற்றுத் தந்தது. 1864-இல் ஊர் திரும்பித் தம்பியுடன் சேர்ந்து தொலைநோக்கி ஒன்றைத் தாமே செய்தார். கைத்தொழிலும் நூலறிவும் ஒருவரிடத்தே இவ்வாறு கூடியதே பிற்காலப் பணிக்கெல்லாம் அடித்தளம் எனலாம்.

கதிரவனை அளந்தவர்

1867-இல் பிட்ஸ்பர்க் நகரை அடுத்த அல்லெகெனி வானாய்வுக் கூடத்தின் தலைவரானார். அங்கே கருவிகள் குறைவு. பொருள் அதனினும் குறைவு. விண்மீன்களை நோக்கித் துல்லியமான நேரத்தைக் கணக்கிட்டு, அந்நேரத்தைத் தந்தி வழியாகப் பென்சில்வேனியா இரயில்வேக்கு நாள்தோறும் அறிவிக்கும் ஏற்பாட்டை லாங்லி செய்தார். இரயில்கள் ஒரே நேரக் கணக்கின்படி ஓட அது துணை செய்தது. ஆய்வுக் கூடத்துக்கும் நிலையான வருவாய் கிடைத்தது.

1880-ஐ ஒட்டிய காலத்தில் அவர் அமைத்த போலோமீட்டர் என்னும் கருவி அவர் பெயரை உலகறியச் செய்தது. மயிரினும் மெல்லிய பிளாட்டினத் தகட்டின்மேல் வெப்பக் கதிர் பட்டவுடன், அதில் ஓடும் மின்னோட்டம் மாறுபடும். அம்மாறுபாட்டைக் கொண்டு மிக மிக நுண்ணிய வெப்ப வேற்றுமையையும் அளந்துவிடலாம். கண்ணுக்குப் புலனாகாத கதிரவனின் வெப்பக் கதிர்களை இக்கருவியால் அளந்தார். நிலவின் வெப்பத்தையும் அளந்தார். காற்றிலுள்ள கரியமில வாயு மிகுந்தால் உலகம் எவ்வளவு சூடேறும் என்று 1896-இல் சுவீடன் நாட்டு அறிஞர் அர்ரேனியசு கணக்கிட்டபோது, லாங்லியின் அளவுகளையே ஆதாரமாகக் கொண்டார். இன்று உலகெங்கும் பேசப்படும் புவி வெப்பமடைதல் பற்றிய அறிவுக்கு இவருடைய கருவியும் ஒரு தோற்றுவாய் என்பது நோக்கத்தக்கது.

சுழலும் கையும் ரப்பர் முறுக்கும்

ஐம்பத்திரண்டாம் வயதில், வேறெவராயினும் ஓய்வை எண்ணத் தொடங்கும் காலத்தில், லாங்லியின் மனம் பறத்தற் கலையை நாடிற்று. 1886-இல் அறிஞர் அவை ஒன்றில் பறவைகள் பறக்கும் முறை பற்றிப் படிக்கப்பட்ட கட்டுரை ஒன்று அவர் சிந்தனையைத் தூண்டியது. பறக்கும் பொறி பற்றிப் பேசுவோரை அறிவுடையோர் எள்ளி நகையாடிய காலம் அது. புகழ் பெற்ற வானியல் அறிஞர் ஒருவர் இத்துறையில் இறங்கியது துணிச்சலான செயலே.

முதலில் அவர் பறக்க முயலவில்லை, அளக்க முயன்றார். ஏறத்தாழ அறுபது அடி விட்டமுள்ள வட்டத்தில் சுழலும் நீண்ட கை ஒன்றை அமைத்து, அதனை நீராவிப் பொறியால் சுழற்றினார். கையின் நுனியில் தட்டையான பலகைகளையும், பாடம் செய்த பறவைகளையும் பொருத்தி, எந்தச் சாய்வில், எந்த வேகத்தில் காற்று எவ்வளவு தாங்குகிறது என்று பதிவு செய்தார். அந்த ஆராய்ச்சி 1891-இல் நூலாக வெளிவந்தது. வேகம் கூடக் கூடப் பறப்பதற்கு வேண்டிய ஆற்றல் குறைந்துகொண்டே போகும் என்று அதில் அவர் கண்ட முடிவு முழுமையும் சரியன்று எனப் பின்னர்த் தெரிந்தது. எனினும், காற்றைவிடக் கனமான பொறி பறத்தல் இயலும் என்பதற்கு அறிவியல் அளவுகளைக் கொண்டு அவர் வாதாடியது பலருக்கு ஊக்கம் அளித்தது.

அடுத்து, முறுக்கிய ரப்பரின் விசையால் பறக்கும் சிறு விமானங்களைச் செய்தார். இம்முறையை 1871-இலேயே பிரெஞ்சு இளைஞர் அல்போன்சு பேனோ பாரிஸ் நகரில் வெற்றியுடன் காட்டியிருந்தார். லாங்லி முப்பதுக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் செய்து பார்த்தார். சிறகு ஒன்றன்பின் ஒன்றாக அமைந்தவை, ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்தவை, வால் நீண்டவை, வால் குறுகியவை எனப் பலவகை. அவை சில நொடிகளே பறந்தன. ரப்பரின் விசை அடங்கியதும் வீழ்ந்தன. இதற்குமேல் அறிய வேண்டுமாயின் நெடுநேரம் பறக்கும் பெரிய மாதிரி வேண்டும் என்று உணர்ந்தார்.

நீராவியால் பறந்த மாதிரிகள்

1887-இல் வாஷிங்டன் நகரிலுள்ள ஸ்மித்சோனியன் நிலையத்தின் செயலாளர் என்னும் தலைமைப் பதவி லாங்லிக்குக் கிடைத்திருந்தது. அங்குள்ள பட்டறையில் நீராவிப் பொறி பூட்டிய பெரிய மாதிரிகளைச் செய்யத் தொடங்கினார். அவற்றுக்கு ஏரோட்ரோம் எனப் பெயரிட்டார். அச்சொல் இப்போது விமானங்கள் இறங்கும் களத்தைக் குறிக்கிறது.

இப்பணியின் கடுமையை எடுத்துரைத்தல் எளிதன்று. கொதிகலனும் பொறியும் உறுதியாக இருத்தல் வேண்டும். ஆனால் எடையோ சில இறாத்தலுக்குமேல் போகலாகாது. மெல்லிய உருக்குக் குழாய்களை இணைத்து உடலும், மரச்சட்டங்களின்மேல் பட்டுத் துணி போர்த்திச் சிறகும் செய்யப்பட்டன. ஓர் அவுன்சு எடையைக் குறைப்பதற்காக ஓர் உறுப்பைப் பன்முறை மாற்றிச் செய்ததுண்டு. முதலிற் செய்த மாதிரிகளில் சில பறக்கவிடவே தகுதியற்றவையாகப் போயின. பொடோமாக் ஆற்றில் நிறுத்திய படகு வீட்டின் கூரையிலிருந்து உந்துபொறியால் எறியப்பட்டவை நீரில் விழுந்து உடைந்தன. 1893 முதல் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் தோல்வியே தொடர்ந்தது. ஒவ்வொரு முறையும் உடைந்ததை எடுத்து வந்து, உடைந்த இடத்தை ஆராய்ந்து, திருத்தி அமைத்தனர்.

1896-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் ஐந்தாம் எண் மாதிரி ஏவப்பட்டது. அதன் சிறககலம் பதின்மூன்று அடிக்கு மேல். எடை ஏறத்தாழ 11 கிலோகிராம். ஒரு குதிரைத்திறன் அளவான நீராவிப் பொறி இரண்டு சுழல்விசிறிகளை இயக்கியது. மாதிரி வானில் எழுந்து, வட்டமிட்டு, நீராவி தீர்ந்தபின் மெல்ல இறங்கி நீரின்மேல் அமர்ந்தது. அது சென்ற தொலைவு ஏறத்தாழ 3,300 அடி. தொலைபேசி கண்ட அலெக்சாந்தர் கிரகாம் பெல் உடனிருந்து அக்காட்சியைப் படம் பிடித்தார். அவ்வாண்டு நவம்பர் 28-ஆம் நாள் ஆறாம் எண் மாதிரி முக்கால் மைலுக்கும் மேலாகப் பறந்தது. பொறி பூட்டிய, கனத்த, ஆளில்லா ஊர்தி அதற்குமுன் அவ்வளவு நெடுந்தொலைவு பறந்ததில்லை.

பெரிதாக்கியபோது வந்த இடர்

இத்துடன் நின்றிருந்தால் லாங்லியின் புகழுக்கு மாசு நேர்ந்திராது. 1898-இல் ஸ்பெயினுடன் போர் மூண்டபோது, ஆளை ஏற்றிச் செல்லும் விமானம் செய்யுமாறு அமெரிக்க அரசு 50,000 டாலர் வழங்கியது. சார்லசு மான்லி என்னும் இளம் பொறியாளர் துணைக்கு வந்தார். அவர் செம்மை செய்த பெட்ரோல் எஞ்சின் 52 குதிரைத்திறன் கொண்டது. அக்காலத்தில் அதற்கு நிகரில்லை. பெரிய விமானத்திற்கு முன்னோடியாக, அதில் கால் அளவான மாதிரி ஒன்றும் செய்யப்பட்டது. அது 1901 ஜூனில் பெட்ரோல் எஞ்சினால் பறந்தது. இன்று மாதிரி விமானக் கலையைப் பொழுதுபோக்காகப் பயில்வோர் பலரும் கால் அளவு மாதிரிகளையே விரும்பிச் செய்கின்றனர். தகட்டில் ஆணி வரிசையும், விமானி அறையில் கருவிப் பலகையும் பிசகாமல் காட்ட அவ்வளவு பரிமாணம் வேண்டியிருக்கிறது.

ஆனால், கால் அளவை முழு அளவாக்குதல் வெறும் பெருக்கற் கணக்கன்று. நீளம் நான்கு மடங்கானால் சிறகின் பரப்பு பதினாறு மடங்காகும். எடையோ, அதே பொருளால் அதே முறையில் செய்தால், அறுபத்து நான்கு மடங்காகும். அப்போது சிறகின் ஒவ்வொரு சதுர அடியும் முன்னைவிட நான்கு மடங்கு சுமையைத் தாங்க வேண்டும். அதைத் தவிர்க்க உறுப்புகளை மெலிவித்தால் அவை வளையும், முறுகும். சிறிய பொம்மைத் தேர் உருள்கிறது என்பதற்காக, அதே விகிதத்தில் செய்த பெரிய தேரும் அச்சு முறியாமல் உருளும் என்று தச்சர் எவரும் நம்பமாட்டார்.

மற்றொரு குறையும் இருந்தது. மாதிரி விமானம் தானே நிலைபெற்றுப் பறத்தல் வேண்டும். அதில் ஓட்டுபவர் இல்லை. ஆள் ஏறிய விமானத்தையோ காற்றின் போக்கறிந்து கணந்தோறும் செலுத்த வேண்டும். விமானியாக அமர்ந்த மான்லி அதற்குமுன் ஒருபோதும் பறந்து பழகியவரல்லர். அதே காலத்தில் ரைட் சகோதரர்கள் எஞ்சின் இல்லாத மிதவை விமானத்தில் நூற்றுக்கணக்கான முறை மணற்குன்றுகளிலிருந்து இறங்கிப் பழகியிருந்தனர்.

1903 அக்டோபர் 7-ஆம் நாள் பெரிய விமானம் ஏவப்பட்டவுடனே ஆற்றில் விழுந்தது. டிசம்பர் 8-ஆம் நாள் இரண்டாம் முறை ஏவியபோது பின்சிறகும் வாலும் நொறுங்கின. பனிக்கட்டி மிதந்த நீரில் மூழ்கிய மான்லி அரிதின் உயிர் பிழைத்தார். ஏவுபொறியே காரணம் என்று லாங்லி கருதினார்; உடலும் சிறகும் வலிமை குறைந்தவை என்று பிற்காலப் பொறியாளர் பலர் கருதினர். ஒன்பது நாள் கழித்து, டிசம்பர் 17-ஆம் நாள், கிட்டி ஹாக் மணல்வெளியில் ரைட் சகோதரர்கள் பறந்தனர்.

இறுதி நாட்கள்

பத்திரிகைகள் ஏளனம் செய்தன. சட்டமன்றத்தார் பொதுப்பணம் வீணாயிற்று என்று குறை கூறினர். அறுபத்தொன்பது வயது முதியவர் மறுமொழி கூறாது ஒதுங்கினார். 1905-இல் ஸ்மித்சோனியன் கணக்கர் ஒருவர் பணம் கையாடியது வெளிப்பட்டபோது, தலைவர் என்னும் முறையில் தாமே பொறுப்பென்று கருதி, ஊதியம் பெற மறுத்தார். அவ்வாண்டு இறுதியில் பக்கவாதத்தால் தாக்குண்டு, 1906 பிப்ரவரி 27-ஆம் நாள் காலமானார். மணம் செய்துகொள்ளாத அவருக்கு மக்கள் இல்லை. ஆனால், பிள்ளைகளிடம் அவருக்குப் பேரன்பு இருந்தது. ஸ்மித்சோனியனில் 1901-இல் குழந்தைகளுக்கென்றே ஓர் அறை திறப்பித்தார். காட்சிப் பேழைகள் சிறுவர் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும், பெயர்ச்சீட்டுகள் கடுஞ்சொல்லின்றி எளிய மொழியில் அமைய வேண்டும் என்பது அவர் விதித்த முறை.

ஆனைக்கும் அடி சறுக்கும். லாங்லியின் சறுக்கலைச் சொல்லும்போது அவர் நடந்த தூரத்தை மறத்தலாகாது. 1899-இல் வில்பர் ரைட் பறத்தல் பற்றிய நூல்களைக் கேட்டு எழுதியது ஸ்மித்சோனியனுக்கே. அங்கிருந்து கிடைத்த நூல்கள் அவருக்குத் துணையாயின. அமெரிக்காவின் முதல் விமானத் தாங்கிக் கப்பலும், ஹாம்ப்டன் நகரின் விமான ஆராய்ச்சிக் கூடமும் லாங்லியின் பெயர் தாங்கின. ஐந்தாம் எண் மாதிரி ஸ்மித்சோனியனில் பாதுகாக்கப்படுகிறது.

நம் பிள்ளைகள் மாதிரி விமானம் செய்ய முற்பட்டால் நேரம் வீணாகிறதென்று தடுக்க வேண்டா. தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் இது பயிற்சியாகவே கற்பிக்கப்படுகிறது. எடை பார்க்கவும், அளவு எடுக்கவும், பொறுமையாக ஒட்டவும், உடைந்தால் உடைந்த இடத்தை உற்று நோக்கவும் அது பழக்குகிறது. கையளவு மாதிரி பறந்தவுடன் எல்லாம் அறிந்துவிட்டோம் என்று இறுமாவாமலிருக்கவும், பெரியது விழுந்தவுடன் எல்லாம் போயிற்று என்று சோராமலிருக்கவும் லாங்லியின் வாழ்வு நமக்குக் கற்பிக்கின்றது. நம் இளைஞர் இவ்விரண்டையும் ஒருங்கே கற்று உயர்வாராக.