விதையாக விடப்பட்ட சங்கு



மணியாச்சி சந்திப்பில் பிரியும் ரயில் பாதை நம் கரிசல் காட்டைத் தூத்துக்குடிக் கடலோடு இணைக்கிறது. அக்கடலை ஆராய்ந்தவர்களுள் ஜேம்ஸ் ஹார்னெல் நாம் நன்றியோடு நினைக்கத்தக்கவர். 1865-இல் பிறந்த இந்த ஆங்கிலேய விலங்கியலாளர், முத்துச்சிப்பிகளை ஆராய 1902-இல் இலங்கைக்கு வந்தார். பின்னர் சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றி, அதன் இயக்குநராக உயர்ந்தார். முத்துக்குளித்துறையின் பார்களையும், அங்கு மூச்சடக்கி மூழ்கிய நம் மக்களின் தொழிலையும் கூர்ந்து கவனித்தார். 1914-இல் இந்தியச் சங்கைப் பற்றி நூல் வெளியிட்டார். பிற்காலத்தில் பசிபிக் தீவுகளின் படகுகளையும் ஆராய்ந்து, 1949-இல் மறைந்தார்.

சங்கு குளிப்பில் ஒரு நல்ல விதி இருந்தது: அளவில் சிறிய சங்குகளை மீண்டும் கடலிலேயே விட்டுவிட வேண்டும். விதைக்கம்பை உலையில் போடாத நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். ஆனால் பவளப்பாறைகளுக்கு அந்த இரக்கம் கிடைக்கவில்லை. அவற்றை வெட்டியெடுத்ததால், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுள் இரண்டு நீரில் மூழ்கின. 1986-இல் இத்தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது நமக்கு நம்பிக்கை தருகிறது.

படைப்பு முழுவதும் நமக்கு உணவாக மட்டும் தரப்படவில்லை. வரும் தலைமுறைக்கு விதையாகவும் தரப்பட்டுள்ளது. எடுப்பதில் அளவும், விட்டுவைப்பதில் தாராளமும் கொண்டு வாழ முயல்வோம்.