குளிரைத் தேடிப் போன ஓனஸ்



பழவேற்காட்டுக்குப் போயிருக்கிறீர்களா? சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அங்கே கடலை ஒட்டி, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பரந்து கிடக்கும் உப்புநீர் ஏரி. அதன் கரையில் கோட்டைக்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம் என்று மீனவ கிராமங்கள். படகு கரைக்கு வந்ததும் மீனையும் இறாலையும் தரம் பிரிப்பார்கள். அடுத்த வேலை, ஐஸ் போடுவதுதான். ஐஸ் இல்லையென்றால், வெயிலில் அத்தனை பேர் உழைப்பும் வீணாகிவிடும். குளிரின் அருமை மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும்.

அதே ஊரில் பழைய டச்சுக் கல்லறை ஒன்று இருக்கிறது. வாசலிலேயே கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நின்று நம்மை வரவேற்கும்! 1613-ஆம் ஆண்டு டச்சுக்காரர்கள் இங்கே கோட்டை கட்டி வாணிபம் செய்தார்கள். அவர்களுடைய நாடுதான் ஹாலந்து என்று நாம் சொல்லும் நெதர்லாந்து.

அந்த நாட்டில் பின்னாளில் பிறந்த ஒருவர், உலகத்தில் அதுவரை யாருமே எட்டாத குளிரைத் தேடிப் போனார். அவர் பெயர் ஹைக்கே காமர்லிங் ஓனஸ்.

1853 செப்டம்பர் 21-ஆம் நாள் குரோனிங்கன் என்ற ஊரில் ஓனஸ் பிறந்தார். அப்பா செங்கல் சூளை வைத்திருந்தார். பையனுக்குப் பூஞ்சையான உடம்பு. அந்தக் குறை வாழ்நாள் முழுவதும் அவரை விடவில்லை. ஆனால் படிப்பில் சுட்டி. ஜெர்மனிக்குப் போய், புன்சன், கிர்க்காஃப் என்ற இரண்டு பெரிய விஞ்ஞானிகளிடம் பாடம் கேட்டார். உங்கள் பள்ளி ஆய்வகத்தில் இருக்கிறதே புன்சன் அடுப்பு, அந்தப் புன்சன்தான்!

1882-இல், 29 வயதிலேயே, லைடன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் ஆனார். அளந்து பார்த்தால்தான் அறிவு வளரும் என்பது அவர் கொள்கை. எதையும் ஊகித்துச் சொல்வது அவருக்குப் பிடிக்காது.

சூட்டுக்கு எல்லை இல்லை. ஆனால் குளிருக்கு ஓர் எல்லை உண்டு, தெரியுமா? பூஜ்யத்துக்குக் கீழே 273 டிகிரி செல்சியஸ் அளவில் அது முடிந்துவிடுகிறது. அதற்குமேல் எதையும் குளிர வைக்க முடியாது. அந்த எல்லைக்கு எவ்வளவு பக்கத்தில் போகலாம், அங்கே பொருள்கள் எப்படி நடந்துகொள்ளும் என்று அறிய ஓனஸ் விரும்பினார்.

அதற்கு வழி, வாயுக்களைத் திரவமாக்குவது. ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியில் திரவமாகும். ஹைட்ரஜன் மைனஸ் 253-இல். கடைசிப் படி ஹீலியம். படிப்படியாக இறங்க வேண்டும். 1894-இல் ஓனஸின் ஆய்வுக்கூடத்தில் முதல் படிக்கான பெரிய இயந்திரங்கள் தயாராகிவிட்டன.

அப்போதுதான் வந்தது சோதனை!

லைடன் நகர மக்கள் பயந்துபோனார்கள். அதற்குக் காரணம் இருந்தது. 1807-இல் வெடிமருந்து ஏற்றிய கப்பல் ஒன்று அந்த ஊரின் நடுவே கால்வாயில் வெடித்தது. 150-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வீடுகள் தரைமட்டமாயின. அந்த இடத்தில்தான் பின்னாளில் இந்த ஆய்வுக்கூடம் எழுந்தது. அங்கே அழுத்தம் மிகுந்த வாயு உருளைகள் இருப்பதாகக் கேள்விப்பட்டால் ஊரார் சும்மா இருப்பார்களா? 1895-இல் எதிர்ப்புக் கிளம்பியது. முக்கியமான வேலைகள் நின்றன. குழு அமைத்து விசாரித்தார்கள். அனுமதி கிடைக்க 1898 ஆகிவிட்டது.

அந்த ஆண்டே லண்டனில் ஜேம்ஸ் டூவார் என்ற விஞ்ஞானி ஹைட்ரஜனைத் திரவமாக்கி முந்திக்கொண்டார். இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஓனஸின் ஆய்வுக்கூடத்துக்கு அனுமதி கொடுக்கலாம் என்று பரிந்து எழுதியவர்களில் அந்த டூவாரும் ஒருவர். போட்டியாளர் என்றால் பகைவர் இல்லை, குழந்தைகளே!

ஓனஸ் மனம் தளரவில்லை. அவசரப்படவும் இல்லை. நல்ல கருவி வேண்டும் என்றால் நல்ல கைவினைஞர்கள் வேண்டும் அல்லவா? 1901-இல் ஆய்வுக்கூடத்தோடு சேர்த்து ஒரு தொழிற்பள்ளியைத் தொடங்கினார். கண்ணாடி ஊதவும் உலோகக் கருவி செய்யவும் அங்கே பையன்கள் கற்றார்கள். நீலச் சட்டை அணிந்ததால் ஊரில் அவர்களுக்கு நீலப் பையன்கள் என்றே பெயர். அந்தப் பள்ளி லைடனில் இன்றும் நடக்கிறது. ஃப்ளிம் என்ற தலைமைத் தொழில்நுட்பரும், கெஸல்ரிங் என்ற கண்ணாடிக் கலைஞரும் ஓனஸுக்கு இரண்டு கைகள் போல இருந்தார்கள்.

ஹீலியத்துக்கும் நம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழு சூரிய கிரகணம் வந்தது. அதைப் பார்க்க ஆந்திராவின் குண்டூருக்கு பிரான்ஸ் நாட்டு ஜான்சென் போன்ற வானியலாளர்கள் வந்தார்கள். சூரிய ஒளியில் ஒரு புதிய மஞ்சள் கோடு தெரிய வந்தது அந்த ஆண்டில்தான். அந்தக் கோட்டுக்குரிய தனிமத்துக்குத்தான் ஹீலியம் என்று பெயர் வைத்தார்கள். பூமியில் அது அப்போது அரிய பொருள். ஓனஸ் மோனசைட் என்ற கனிம மணலைச் சூடாக்கி அதிலிருந்து ஹீலியத்தைச் சேர்த்தார். மணலை அமெரிக்காவிலிருந்து வரவழைத்துக் கொடுத்தவர் அவருடைய தம்பி. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் அந்த மணல் இருக்கிறது.

1908 ஜூலை 10. விடியற்காலை ஆறு மணிக்கு முன்பே வேலை தொடங்கியது. பிற்பகலுக்குள் 20 லிட்டர் திரவ ஹைட்ரஜன் தயார். பிறகு ஹீலியத்தைக் குளிர வைத்தார்கள். மாலை வந்தது. வெப்பமானி ஒரே இடத்தில் நின்றுவிட்டது. கண்ணுக்கோ எதுவும் தெரியவில்லை. எல்லோருக்கும் சோர்வு. வேடிக்கை பார்க்க வந்திருந்த வேதியியல் பேராசிரியர் ஒருவர், வெப்பமானி திரவத்துக்குள் நிற்பதால்தான் அசையவில்லையோ என்று கேட்டார். கண்ணாடிக் குடுவைக்குக் கீழேயிருந்து விளக்கொளி காட்டினார்கள். அடடா! திரவம் பளிச்சென்று தெரிந்தது. 60 மில்லி லிட்டர். ஒரு சின்ன டீ கிளாஸ் அளவுதான். வெப்பநிலை மைனஸ் 269 டிகிரி!

மூன்று ஆண்டுகள் கழித்து, 1911 ஏப்ரல் 8 அன்று, பாதரசத்தை அந்தக் குளிரில் வைத்து அதன் மின்தடையை அளந்தார்கள். மின்தடை என்றால், மின்சாரம் ஓடும்போது உலோகம் காட்டும் எதிர்ப்பு. அது இருப்பதால்தான் கம்பி சூடாகிறது. திடீரென்று பாதரசத்தின் தடை காணாமல் போனது! தவறோ என்று மறுபடி மறுபடி சோதித்தார்கள். தவறில்லை. இதைத்தான் மீக்கடத்தல் என்கிறோம்.

வேறொரு அறையில் அமர்ந்து அந்த அளவை எடுத்தவர் ஹோல்ஸ்ட் என்ற இளைஞர். ஆனால் கட்டுரையின் ஆசிரியராக ஓனஸ் பெயர் மட்டுமே அச்சானது. அந்தக் கால வழக்கம் அப்படி. இன்று நாம் ஹோல்ஸ்டையும் சேர்த்து நினைத்துக்கொள்வோம். 1913-இல் ஓனஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்து வந்தது ஈயம். வலை தண்ணீரில் அமிழ்வதற்காக மீனவர்கள் அடியில் கோர்க்கும் ஈயக் குண்டு இருக்கிறதே, அதே உலோகம்! அதுவும் கடுங்குளிரில் தடையை இழந்தது. 1914-இல் ஓனஸ் ஓர் ஈயச் சுருளில் மின்சாரத்தைச் செலுத்தி, இணைப்பைத் துண்டித்தார். ஆனாலும் மின்சாரம் மணிக்கணக்காகச் சுற்றிக்கொண்டே இருந்தது! இதை வைத்துப் பெரிய காந்தம் செய்யலாம் என்று கனவு கண்டார். ஆனால் சிறிதளவு காந்தப் புலம் பட்டதுமே ஈயம் அந்தக் குணத்தை இழந்துவிட்டது. கனவு நிறைவேறவில்லை. 1926 பிப்ரவரி 21 அன்று அவர் காலமானார்.

ஆனால் கதை முடியவில்லை, குழந்தைகளே!

பழவேற்காடு ஏரியில் ஆழம் குறைவு. அங்கே கழியை ஊன்றிப் படகைத் தள்ளுவதைப் பார்க்கலாம். ஒவ்வொரு தள்ளலிலும் படகுக்கு வேகம் கூடும். அயனி என்பது எலக்ட்ரான் சிலவற்றை இழந்து மின்னூட்டம் பெற்ற அணு. கனமான அயனிகளை அதிவேகமாக ஓட வைக்கும் இயந்திரத்துக்கு நேர்கோட்டு முடுக்கி என்று பெயர். அதில் வரிசையாக உலோகக் குடுவைகள் இருக்கும். ஒவ்வொரு குடுவையும் ரேடியோ அலையால் அயனியை ஒரு தள்ளு தள்ளும். சாதாரணச் செம்புக் குடுவை என்றால் சூடாகி, மின்சாரம் வீணாகும். மீக்கடத்தும் குடுவையில் அந்த இழப்பு மிக மிகக் குறைவு.

மும்பையில், கடலோரத்தில் இருக்கும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இப்படி ஒரு முடுக்கியை நம் விஞ்ஞானிகள் அமைத்தார்கள். 2007-இல் அது முழுமை பெற்றது. 28 செம்புக் குடுவைகள். உள்ளே மெல்லிய பூச்சு. என்ன பூச்சு தெரியுமா? ஈயம்தான்! குளிர வைப்பது எது? ஓனஸ் கண்ட திரவ ஹீலியம்! அலை வினாடிக்கு 15 கோடி தடவை அதிரும். அயனி வந்து சேரும் கணத்தில் தள்ளு சரியாக விழ வேண்டும்.

டெல்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான முடுக்கி மையத்தில் நியோபியம் என்ற உலோகத்தால் குடுவை செய்தார்கள். முதலில் அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்று உதவியது. பிறகு தாங்களே செய்யக் கற்றுக்கொண்டார்கள். அணுக்கருவைப் பற்றியும், பொருள்களின் தன்மை பற்றியும் ஆராய இவை உதவுகின்றன. மருத்துவமனையில் இருக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இயந்திரத்தின் பெரிய காந்தமும் மீக்கடத்தியால் ஆனதுதான். ஓனஸால் முடியாத காந்தத்தை, வேறு உலோகக் கலவைகளைக் கண்டுபிடித்துப் பின்னால் வந்தவர்கள் செய்தார்கள்.

மூன்று ஆண்டுகள் தடைபட்டபோது ஓனஸ் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போயிருந்தால்? நீலப் பையன்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்காமல் இருந்திருந்தால்? ஒரு டீ கிளாஸ் ஹீலியம் கிடைத்திருக்காது.

அடுத்த முறை மீன் கடையில் ஐஸைத் தொட்டுப் பாருங்கள். கை சில்லிடும்போது, அதைவிட 269 டிகிரி கீழே போன அந்தப் பூஞ்சை உடம்புக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலை தடைபட்டால், கிடைக்கும் நேரத்தில் அடுத்த படிக்குத் தயாராகுங்கள். சரிதானே?